குழாய்த் தண்ணீர் நல்லதா? அம்மாக்கள் கூட்டத்தில் என்ன சொல்வது?

பன்னிரண்டாம் மாடி (செந்தூல்) · திங்கள், இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எங்கள் புளோக் அம்மாக்கள் மாதம் ஒருமுறை கீழே மண்டபத்தில் கூடுவோம். பிள்ளைகள் படிப்பு, டியூஷன், பராமரிப்புக் கட்டணம் என்று பேச்சு போகும். இந்த மாதம் குடிதண்ணீர், கை கழுவுவது, அடுப்படிச் சுத்தம் பற்றிப் பேசலாம் என்று முடிவாகி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே தளத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்ததுதான் காரணம். ஒரு குழந்தையை மருத்துவமனையில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பயம் அடங்குவதற்குள், போன சனிக்கிழமை ஃபில்டர் விற்பவர்கள் இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர். கம்பிகள் வைத்த ஒரு கருவியைக் கரண்டில் சொருகி இரண்டிலும் இறக்கினார்கள். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, கசடு மிதக்க ஆரம்பித்தது. மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பிறகு ஏதோ சொட்டு மருந்து விட்டார்கள், குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. “இதைத்தான் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்கள்” என்றார்கள். நான்கு வீட்டில் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் துப்புரவு வேலை செய்து தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்.

நம் தண்ணீர் உண்மையிலேயே அவ்வளவு மோசமா? கூட்டத்தில் நான் எதைச் சொன்னால் உபயோகமாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப் ஆள் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) · திங்கள், இரவு 10:41

தங்கச்சி, நான் தண்ணீர் சுத்திகரிப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் இரண்டு வித்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டுமே தண்ணீர் அழுக்கு என்று காட்டுவதில்லை.

முதலில் அந்தக் கம்பி. அதில் ஒன்று இரும்பு. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக இறங்கும். பழுப்பாகத் தெரிவது அந்தக் கம்பியின் துரு, உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு கிடையாது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற தாது உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் பாயும். அவர்கள் மெஷின் அந்த உப்புகளை எடுத்துவிட்டதால் அதில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை வந்தால் அவர்களின் ‘சுத்தமான’ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இப்போது மஞ்சள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். அந்தச் சொட்டு மருந்து தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் காட்டும், அவ்வளவுதான். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொன்ற பிறகும், பல கிலோமீட்டர் குழாயில் வரும் வழியில் மறுபடி கிருமி சேராமல் இருக்கக் கொஞ்சம் குளோரினை வேண்டுமென்றே மீதி வைத்து அனுப்புகிறோம். நம் மலேசியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் டம்ளர் மஞ்சளானால் காவல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி அதே பிள்ளைகளின் அம்மாக்களைப் பயமுறுத்துகிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிலர் “கையை விட்டுக் கலக்குங்கள்” என்று சொல்லி, மஞ்சள் வராமல் போவதைக் காட்டி, “பாருங்கள், குளோரின் எல்லாம் உங்கள் தோலுக்குள் போய்விட்டது” என்பார்கள். கையில் இருந்த அழுக்கோடும் வியர்வையோடும் சேர்ந்து குளோரின் செலவாகிவிட்டது, அதுதான் நடந்தது. அது செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மீட்டர் வரைக்கும் வரும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீர். அது கெடுவது அதற்கப்புறம்: மொட்டைமாடித் தொட்டியில், மூடாத வாளியில், முகக்கும் சொம்பில், கழுவாத கையில். கூட்டத்தில் உங்கள் அரை மணி நேரத்தை அந்தக் கடைசிச் சில அடிகளுக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி · திங்கள், இரவு 11:15

அந்த நான்கு வீட்டாருக்கும் நாளைக்கே சொல்லுங்கள் அக்கா. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வாசலுக்கு வந்து விற்கும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட பிறகு 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் அனுப்ப வேண்டும். நகல் கையில் இருக்கட்டும். அவர்கள் இழுத்தடித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

சனிக்கிழமை கையெழுத்து என்றால் இன்னும் நாள் இருக்கிறது. தள்ளிப் போடாதீர்கள்.

துருக்குழாய் (ஜெலுத்தோங்) · செவ்வாய், காலை 7:52

லேப் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் “மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணீர்” என்பதோடு நிறுத்தினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. எங்களுடையது பழைய கடைவீடு. உள்ளே ஓடுவது அந்தக் காலத்து இரும்புக் குழாய். காலையில் முதல் வாளி தேநீர் நிறத்தில் வரும், வெள்ளைச் சட்டை துவைத்தால் கறை. வாடகை வீட்டில் குழாயை நான் உடைத்து மாற்ற முடியாது. ஃபில்டர் வைத்த பிறகுதான் நிம்மதியாக இருக்கிறோம். எல்லா ஃபில்டரும் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்று, 2020 செப்டம்பர் யாருக்கும் மறந்திருக்காது. ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் ரசாயன நாற்றம் கலந்து, சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரை எடுக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூரும் சிலாங்கூரும் நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தவித்தன. அப்படியிருக்க எப்படி நம்புவது?

பழைய லேப் ஆள் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) · செவ்வாய், காலை 10:08

தம்பி, உங்கள் வீட்டுக்கு ஃபில்டர் சரியான முடிவு. துரு, மண், வண்டல் இவற்றை ஃபில்டர் பிடிக்கும். நான் எதிர்ப்பது பயமுறுத்தி விற்பதைத்தான். எது எதற்கு என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

வெளியே மீட்டர் பக்கத்தில் நிற்கும் பெரிய மணல் ஃபில்டர் வண்டலைப் பிடிக்கும். அதை அவ்வப்போது எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உள்ளேயே சேறு தங்கும். கரி ஃபில்டர் குளோரின் வாடையையும் சில ரசாயனங்களையும் எடுக்கும், கிருமியைக் கொல்லாது. மெல்லிய சவ்வு வைத்தவை கிருமிகளைத் தடுக்கும். மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. மெஷின் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிடும், அதற்காக நிறையத் தண்ணீரைச் சாக்கடையில் விடும். எதுவானாலும் உள்ளே இருக்கும் கட்ரிஜை நாள் தவறாமல் மாற்ற வேண்டும். மாற்றாத கரி ஃபில்டருக்குள் கிருமி குடித்தனம் நடத்தும்.

பலர் கவனிக்காத ஒன்று: மொட்டைமாடித் தொட்டிக்கு முன்னால் கரி ஃபில்டர் மாட்டுகிறார்கள். அது குளோரினை முழுக்க எடுத்துவிட்டுத் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்புகிறது. காவல் இல்லாத தண்ணீர் வெயிலில் சூடாகிக் கிடக்கும். கரி ஃபில்டர் வேண்டுமென்றால் அடுப்படிக் குழாயில் மட்டும் மாட்டுங்கள், வடிந்ததை அன்றன்றே குடித்துவிடுங்கள்.

சுங்கை கோங் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கெட்ட தண்ணீரை வீட்டுக்கு விடக்கூடாது என்றுதான் நிலையங்களை மூடினார்கள். தண்ணீர் வராததால் நீங்கள் பட்ட கஷ்டம் பெரியது, ஆனால் கண்காணிப்பு வேலை செய்தது. ரசாயன வாடை அடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். கொதி கிருமிக்குத்தான் எமன், ரசாயனத்துக்கு இல்லை. அப்படி வாடை வந்தால் குடிக்காமல், உடனே தண்ணீர் நிறுவனத்துக்குப் புகார் கொடுக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் · செவ்வாய், மதியம் 12:30

இந்த இழையில் ஒரு விற்பனை விளம்பரம் நீக்கப்பட்டது. பொருள் விற்பவர்கள் இங்கே பதிவிட வேண்டாம்.

புளோக் செயலாளர் (செராஸ்) · செவ்வாய், மாலை 6:47

தொட்டி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவில் இருக்கிறேன்.

தரை வீடுகளில் பெரும்பாலும் அடுப்படிக் குழாய் நேராகத் தெருக்குழாயிலிருந்து வரும், குளியலறைக்கும் கழிவறைக்கும்தான் தொட்டித் தண்ணீர். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் அடுப்படிக் குழாயில் பிடிப்பது நல்லது. அடுக்குமாடியில் அப்படி இல்லை. தண்ணீர் முதலில் கீழ்த்தொட்டிக்கு வந்து, பம்பில் ஏறி, மேல்தொட்டியில் தங்கி, பிறகுதான் வீட்டுக்கு இறங்கும். புளோக் முழுவதற்குமான மொத்த மீட்டருக்கு உள்பக்கம் இருக்கும் பொதுத் தொட்டி, பம்பு, குழாய் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தைப் பராமரிப்பது அவர்கள் கடமை. நாம் மாதாமாதம் கட்டும் பணம் அதற்கும் சேர்த்துத்தான்.

எங்கள் புளோக்கில் தொட்டி மூடி காற்றில் நகர்ந்து கிடந்தது. உள்ளே புறா இறகு, பல்லி, அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அதுவரை கூட்டத்துக்கே வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். இப்போது வருடம் ஒருமுறை ஆள் வைத்துக் கழுவுகிறோம், தேதியை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம். உங்கள் அம்மாக்கள் சேர்ந்து எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது கழுவினீர்கள், மூடி பூட்டியிருக்கிறதா, காற்றுக்குழாயில் கொசுவலை இருக்கிறதா. ஒருவர் கேட்டால் தள்ளிவிடுவார்கள், இருபது வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பதில் வரும்.

சொந்தத் தொட்டி உள்ளவர்கள் கவனத்துக்கு: வடித்துவிட்டு, சோப்புத்தூள் போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கில் வாசனை சேர்க்காத 5 சதவீத குளோராக்ஸ் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) ஊற்றி ஒரு நாள் விட வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் தொடாமல் முழுக்க வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு குளோராக்ஸைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். தொட்டிக்குள் இறங்கும் ஆள் தனியாக இருக்கக்கூடாது.

பிறை தம்பி · செவ்வாய், இரவு 9:33

எங்கள் பினாங்குப் பக்கம் 2024 ஜனவரி 10இல் தொடங்கிய பெரிய தண்ணீர் வெட்டை யாரும் மறக்க மாட்டோம். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றும் வேலை. சரியாகப் பொங்கலுக்கு முந்திய நாட்கள். வீட்டை அலசிக் கழுவ வேண்டிய நேரத்தில், இருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

கஷ்டம் தண்ணீர் வந்த பிறகு ஆரம்பித்தது. பிடித்து வைத்த வாளியும் பீப்பாயும் பின்கட்டில் அப்படியே கிடந்தன. “நல்ல தண்ணீர், ஏன் கொட்ட வேண்டும்” என்று அம்மா விடவில்லை. ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியதும் அந்த நல்ல தண்ணீர்தான், அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் சுகாதார அமைச்சு வாரம் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. சோதனையில் லார்வா கிடைத்தால் 500 வெள்ளி வரை அபராதம்.

வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பூஜையறைச் செம்பு, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பால்கனியில் வைத்த துளசி மாடத்து அடித்தட்டு இவற்றையும் பாருங்கள். நம் வீடுகளில் இவைதான் விட்டுப் போகும்.

வெட்டுக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால், தெளியும் வரை விட்டு அதைக் கழிவறைக்கும் செடிக்கும் வைத்துக்கொள்ளலாம். துணி துவைக்கும் மெஷினில் விட வேண்டாம்.

தாதியக்கா (கோலாலம்பூர்) · புதன், அதிகாலை 5:40

இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன். எல்லாரும் தொட்டியையும் ஃபில்டரையும் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு அந்த மூன்று பிள்ளைகள் மேல்தான் கவலை.

தங்கச்சி, ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் புளோக் முழுவதும் ஒரே தொட்டித் தண்ணீர். தண்ணீர்தான் காரணம் என்றால் எல்லாத் தளத்திலும் ஆள் படுத்திருக்க வேண்டும். ஒரே தளத்தில், அதுவும் பிள்ளைகளுக்கு மட்டும், ஒருவர் பின் ஒருவராக வந்திருக்கிறது. அவர்கள் ஒன்றாக விளையாடுவார்களா? ஒரே போத்தலில் குடிப்பார்களா? ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள் கை வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். எதனால் வந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஃபில்டர் வாங்கி, சோப்பு இல்லாத கழிவறையோடு இருந்தால் இந்த நோய் மறுபடி வரும்.

கை கழுவுவதைப் பற்றிக் கூட்டத்தில் தயங்காமல் நேரம் எடுத்துப் பேசுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, பெருவிரல், நகம். கழிவறைக்குப் போய் வந்த பிறகு, பிள்ளைக்குக் கழுவிவிட்ட பிறகு, டயப்பர் மாற்றிய பிறகு, சமைக்கும் முன், ஊட்டும் முன், சாப்பிடும் முன். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். பலர் சாப்பிட்ட பிறகு சோப்புப் போடுகிறோம், சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இதைத் திருப்பிப் போட வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய் வரும் காலத்தில் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். அந்த வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அசையாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் நல்லது.

வீட்டில் பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் துடைத்து எடுத்துவிட்டு, 5 சதவீத குளோராக்ஸ் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தைத் துடைக்கவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

வயிற்றுப்போக்கில் பிள்ளையை ஆபத்துக்குக் கொண்டுபோவது நீரிழப்புதான். “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று நிறுத்தும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். பார்மசியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சமமட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனை.

பன்னிரண்டாம் மாடி (செந்தூல்) · புதன், காலை 8:15

தாதியக்கா, நீங்கள் கேட்டதும் அந்த அம்மாக்களிடம் போய் விசாரித்தேன். மூன்று பிள்ளைகளும் மாலையில் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள், ஒரு பாட்டி பார்த்துக்கொள்கிறார். பாட்டி நல்ல சுத்தக்காரர், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே மாட்டார். ஆனால் கொதித்த தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறார், பிள்ளைகள் அவரவர் குவளையை உள்ளே விட்டு முகந்து குடிக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும்போது சூடு தணியப் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சேர்ப்பாராம். கழிவறையில் சோப்பு இல்லை, அடுப்படியில்தான் இருக்கிறது.

பாட்டி மனம் நோகக்கூடாது. அவர் இல்லாவிட்டால் அந்தத் தாய்மார்கள் வேலைக்கே போக முடியாது.

தாதியக்கா (கோலாலம்பூர்) · புதன், மாலை 4:22

பாட்டியைக் குறை சொல்லவே வேண்டாம். கொதிக்க வைப்பதில் அவர்தான் எல்லாருக்கும் முன்னோடி என்று தொடங்குங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பத்து நிமிடம் கேஸ் செலவழிக்கத் தேவையில்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவார்.

பிறகு அந்தப் பாத்திரத்துக்குப் பதில் குழாய் வைத்த, மூடி உள்ள ஜாடி ஒன்றை அம்மாக்கள் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். கை உள்ளே போக வழியில்லாவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அது கிடைக்கும் வரை நீளப் பிடி வைத்த அகப்பையால் பெரியவர்கள் மட்டும் ஊற்றிக் கொடுக்கட்டும்.

பால்மாவுக்கு மட்டும் கறாராக இருங்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் கொதிக்க வைத்ததே வீண். பால்மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலந்து, மூடிய பால் போத்தலைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

செம்புக்குடம் (பட்டர்வொர்த்) · புதன், இரவு 8:05

செம்புக் குடத்தில் வைத்தால் கிருமி சாகும் என்கிறார்களே, அது போதாதா? எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான்.

பழைய லேப் ஆள் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) · புதன், இரவு 8:50

அதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள், 16 மணி நேரம் செம்பில் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்தன. ஆனால் காலையில் ஊற்றி மதியம் குடித்தால் அந்தப் பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளே பச்சை பிடிக்காமல் தேய்த்து வைக்க வேண்டும், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் அதில் வைக்கக்கூடாது. கொதிக்க வைத்த தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைத்துக் குடியுங்கள், பாட்டி வழக்கமும் நிற்கும், பாதுகாப்பும் இருக்கும்.

தண்ணீர் வெட்டு நேரத்தில் கேஸும் இல்லையென்றால், தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டு வாசனையில்லாத குளோராக்ஸ் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் மூடி வைத்துக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் துணியில் வடிகட்டி, நான்கு சொட்டு. இது அவசரத்துக்கான வழி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை (பட்டர்வொர்த்) · புதன், இரவு 10:17

விவரம் எல்லாம் வந்துவிட்டது. இதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது என்று மட்டும் நான் சொல்கிறேன். கிருமிப் படம் காட்டிப் பயமுறுத்தினால் அன்று இரவு மட்டும் எல்லாரும் கை கழுவுவார்கள். சோப்பு கண்ணில் படும் இடத்தில் இருந்தால் தினமும் கழுவுவார்கள். எங்கள் பள்ளியில் கழிவறைக் குழாய் ஒவ்வொன்றிலும் வலைப்பையில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டோம். வேறு எந்த அறிவுரையையும் விட அது நன்றாக வேலை செய்தது. வீட்டிலும் அப்படியே: கழிவறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில். எட்டாவிட்டால் ஒரு முக்காலி.

20 விநாடியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? அ முதல் ஔ வரை நிதானமாக இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள், சரியாக வரும். எழுத்தும் மனதில் பதியும்.

கூட்டத்தில் ஒரு சோதனையும் செய்து காட்டுங்கள். இரண்டு பேர் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பட்டைத்தூள் தூவுங்கள். ஒருவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், மற்றவர் சோப்பில். வெறும் தண்ணீரில் போகவே போகாது. அந்த விற்பனையாளர்கள் டம்ளரைக் காட்டி நம்ப வைத்தார்கள். நீங்களும் கண்ணுக்கு நேராகக் காட்டுங்கள், ஆனால் உண்மையைக் காட்டுங்கள்.

அப்பாமாரையும் கூப்பிடுங்கள். அம்மாக்கள் கூட்டத்தில் மட்டும் பேசினால் எல்லா வேலையும் அம்மா தலையிலேயே விழும். தொட்டி மூடி, கட்ரிஜ், வாரக் கொசுச் சோதனை இவை அப்பாவும் பிள்ளைகளும் செய்யக்கூடியவை.

பந்தல் தொண்டன் (ஜார்ஜ்டவுன்) · வியாழன், காலை 9:02

கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோவில் பாதையில் தண்ணீர் பந்தல் போடும் குழுவில் இருக்கிறேன். பீப்பாயில் பானகம் கரைத்து, ஐஸ் போட்டு, ஜக்கால் முகந்து ஊற்றுவதுதான் முன்பு வழக்கம். ஜக்கோடு கையும் உள்ளே போகும், அதே கை காசு வாங்கும், குப்பை எடுக்கும். பக்தர்கள் ஆயிரக்கணக்கில் குடிக்கிறார்கள், வெயிலில் நடந்து களைத்து வருபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள். அன்னதானம் எவ்வளவு புண்ணியமோ அவ்வளவு பொறுப்பு.

இப்போது குழாய் வைத்த பீப்பாய்தான். கொதித்து ஆறிய தண்ணீர், ஐஸ் உரிமம் பெற்ற ஆலையிலிருந்து, ஐஸ் எடுக்கத் தனி இடுக்கி. கடைகளில் உணவைக் கையாள்பவர்களுக்கு 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிப்படி பயிற்சியும் டைஃபாய்டு ஊசியும் வேண்டும். நாங்களும் ஊற்றிக் கொடுக்கும் ஆட்களுக்கு அதையே அளவுகோலாக வைத்திருக்கிறோம். குவளை கழுவும் வாளியில் மாற்றாத தண்ணீர் நிற்கவிடுவதில்லை. கோவில் விசேஷம், பிறந்தநாள், பதினாறாம் நாள் காரியம் எதுவானாலும் இதே முறையைச் செய்யலாம்.

பன்னிரண்டாம் மாடி (செந்தூல்) · வெள்ளி, இரவு 9:45

நான்கு வீட்டில் மூன்று பேர் ரத்துக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். நான்காவது வீட்டில் வயதான மாமியாருக்குச் சிறுநீரகப் பிரச்சினை, மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். தொட்டி பற்றி 31 வீட்டார் கையெழுத்துப் போட்ட கடிதம் இன்று நிர்வாக அலுவலகத்துக்குப் போனது, முத்திரை வாங்கிக்கொண்டோம். பாட்டி வீட்டுக்குக் குழாய் ஜாடி வாங்கியாகிவிட்டது. கூட்டத்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, மூடி வைப்பது பற்றிப் பாட்டியையே பேசச் சொல்லியிருக்கிறோம், ஒத்துக்கொண்டார்.

லேப் அண்ணே, ஒரு கேள்வி பாக்கி. எங்கள் மாடிக் குழாயில் குளோரின் மீதி இருக்கிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா?

பழைய லேப் ஆள் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) · வெள்ளி, இரவு 10:20

முடியும். நீச்சல்குளத்துக்கும் மீன்தொட்டிக்கும் விற்கும் காகிதப் பட்டை போதும். ‘ஃப்ரீ குளோரின்’ என்று தனிக் கட்டம் இருக்கும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள், 0.2, 0.5 அளவுகளைக் காட்டுவதாக இருக்க வேண்டும். காலையில் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஃபில்டர் வழியாக வரும் தண்ணீரில் பார்க்கக்கூடாது. ஒன்று கீழ்மாடியில், ஒன்று உங்கள் மாடியில், ஒன்று கடைசி மாடியில். மூன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். கீழே நிறம் வந்து மேலே வராவிட்டால் தொட்டியில்தான் கோளாறு, அந்தத் தாளையும் நிர்வாகத்துக்குக் கொடுங்கள். தொட்டி கழுவிய மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். முடிவை இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.